பாரன் ஆன பிறகும் வாடகை அறைதான்: ரோத்சைல்ட் பட்டம் பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வி இது: "ஆஸ்திரியப் பேரரசர் 1822-ல் ரோத்சைல்ட் சகோதரர்கள் ஐந்து பேருக்கும் பாரன் என்ற பிரபுப் பட்டம் கொடுத்தார் என்று படித்தேன். அவர்கள் ஆஸ்திரியர்களே இல்லை, ஃபிராங்ஃபர்ட் ஊர்க்காரர்கள். வெளிநாட்டுப் பணக்காரக் குடும்பத்துக்கு ஒரு பேரரசர் ஏன் பட்டம் தர வேண்டும்? பணத்தை வாங்கிக்கொண்டு விற்றதுதானே?" இதில் மூன்று கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. அன்னியருக்குப் பட்டம் தர அரசருக்கு அதிகாரம் உண்டா, இந்தக் குடும்பத்தை ஏன் தேர்ந்தெடுத்தார், அது விற்பனையா. தனித்தனியாகப் பிரித்தால்தான் பதில் சொல்ல முடியும். நான் கல்லூரியில் பல வருடங்கள் ஐரோப்பிய வரலாறு நடத்தியவன். நெப்போலியனுக்குப் பிந்தைய மத்திய ஐரோப்பா நான் அதிகம் படித்த பகுதி. ஆனால் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தவன் அல்ல. அவற்றைப் பார்த்து அச்சில் தந்தவர்களின் உழைப்பை வைத்துத்தான் பேசுகிறேன். கடன் பத்திரக் கணக்குகளின் நுணுக்கமும் எனக்குத் தொழில் இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் 'வெளிநாட்டுக் குடும்பம்' என்ற சொல். இன்றைய பாஸ்போர்ட் கணக்கில் பார்த்தால் இது தெளிவான சொல். 1822-ல் அப்படி இல்லை. 1806 வரை ஃபிராங்ஃபர்ட், ஜெர்மன் பகுதிகளை இணைத்த புனித ரோமப் பேரரசின் சுதந்திர நகரம். அந்தப் பேரரசின் கடைசிப் பேரரசர் யார் தெரியுமா? பின்னாளில் இவர்களுக்குப் பட்டம் தந்த அதே ஆஸ்திரியப் பேரரசர் முதலாம் ஃபிரான்ஸ்தான். நெப்போலியனின் நெருக்கடியில் 1806-ல் அவர் அந்த மகுடத்தைத் துறந்து பேரரசையே கலைத்துவிட்டார். ஆஸ்திரியாவின் பேரரசர் என்ற பட்டம் மட்டும் அவரிடம் மிஞ்சியது. 1815-ல் நெப்போலியன் வீழ்ந்த பிறகு ஜெர்மன் அரசுகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. அதன் மன்றம் ஃபிராங்ஃபர்ட்டில் கூடியது, அதற்குத் தலைமை ஆஸ்திரியா. ஆகவே ஃபிராங்ஃபர்ட்காரருக்கு வியன்னா வேற்று நாடு என்றாலும் தூரத்து நாடு அல்ல. பட்டம் தர அதிகாரம் உண்டா என்றால், உண்டு. பட்டம் என்பது அரசரின் சொந்தக் கொடை. தன் குடிகளுக்குத்தான் தர வேண்டும் என்ற வரம்பு அன்று அவருக்கு இல்லை.

ஆனால் உங்கள் சொல்லில் நீங்கள் நினைத்ததைவிட ஆழமான உண்மை ஒன்று இருக்கிறது. இந்தக் குடும்பம் ஆஸ்திரியாவில் மட்டும் அன்னியர் அல்ல, பிறந்த ஊரிலேயே அன்னியர். ஃபிராங்ஃபர்ட்டில் யூதர்களுக்கென்று 1462-ல் ஒதுக்கப்பட்ட ஒரே தெரு இருந்தது, பெயரே யூதர் தெரு. சுமார் 330 மீட்டர் நீளம், மூன்று நான்கு மீட்டர் அகலம். நெரிசல் உச்சத்தில் இருந்தபோது ஏறக்குறைய 3,000 பேர் அதற்குள் வாழ்ந்தார்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறிஸ்தவப் பண்டிகை நாட்களிலும் தெருவின் வாயிற்கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். அந்தத் தெருவில் வருடத்துக்குப் பன்னிரண்டு திருமணங்களுக்கு மேல் நடக்கக் கூடாது என்று நகர விதி. 'ரோத்சைல்ட்' என்ற பெயரே அந்தத் தெரு தந்ததுதான். கதவிலக்கம் இல்லாத காலத்தில் வீடுகளை அடையாளப் பலகையால் அழைப்பார்கள். முன்னோர் ஒருவர் குடியிருந்த வீட்டின் அடையாளம் சிவப்புக் கேடயம், ஜெர்மன் மொழியில் 'ரோட்டஸ் ஷில்ட்'. அந்த வீட்டைவிட்டு வெளியேறிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

1744-ல் அந்தத் தெருவில் பிறந்தவர் மாயர் அம்ஷெல் ரோத்சைல்ட். பழைய நாணயங்களையும் பதக்கங்களையும் வாங்கி விற்றவர். நாணயம் சேர்ப்பதில் பித்துக்கொண்ட சிற்றரசர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். அவர்களில் ஹானாவை ஆண்ட இளவரசர் வில்லெல்மும் ஒருவர். 1769-ல் வில்லெல்மின் 'அரசவை முகவர்' என்று பலகை மாட்டிக்கொள்ளும் உரிமை மாயருக்குக் கிடைத்தது. இந்தக் குடும்பத்தின் முதல் பட்டம் உண்மையில் அந்தப் பலகைதான். என் மாணவர்களிடம் கதையை அங்கிருந்துதான் தொடங்குவேன். அந்தப் பலகையால் மாயருக்கு வணிகத்தில் மதிப்பு கூடியது. தெருவின் கதவோ வழக்கம்போல மாலையில் பூட்டப்பட்டது. மேலே கௌரவம், கீழே பூட்டு என்ற இந்த ஏற்பாடு அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குடும்பத்தைத் துரத்தியது. 1822 பட்டத்தையும் இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியாகப் பார்த்தால்தான் புரியும் என்பது என் கருத்து.

வில்லெல்ம் பிற்பாடு ஹெஸ்ஸே-காசெல் என்ற ஜெர்மன் அரசின் ஆட்சியாளர் ஆனார். தன் படைவீரர்களை இங்கிலாந்துக்கு வாடகைக்கு விட்டுப் பணம் குவித்த வம்சம் அது. அந்தப் பணத்தைக் கையாளும் வேலையில் மாயர் மெல்ல மெல்ல இடம் பிடித்தார். அவருக்கு ஐந்து மகன்கள்: அம்ஷெல், சாலமன், நேதன், கார்ல், ஜேக்கப். மூன்றாவது மகன் நேதன் 1790-களின் இறுதியில் மான்செஸ்டருக்குப் போய்த் துணி ஏற்றுமதி செய்தார். பிறகு லண்டனுக்கு வந்து முழு வங்கியாளர் ஆனார். 1814 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு அவரிடம் ரகசியமாக ஒரு வேலையை ஒப்படைத்தது. தெற்குப் பிரான்சுக்குள் நுழைந்திருந்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படைக்குச் சம்பளம் தர, அந்த நாட்டுச் சந்தையில் செல்லக்கூடிய பொன் நாணயங்கள் வேண்டும். அவற்றை ஐரோப்பா முழுவதும் சத்தமில்லாமல் திரட்ட வேண்டும். நேதன் லண்டனில் உத்தரவிட, சகோதரர்கள் ஃபிராங்ஃபர்ட்டிலும் ஆம்ஸ்டர்டாமிலும் பாரிஸிலும் வாங்கினார்கள். அடுத்து இன்னும் பெரிய வேலை வந்தது. நெப்போலியனை எதிர்த்த ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா ஆகிய நாடுகளுக்கு இங்கிலாந்து தந்த போர் மானியத்தை அந்தந்த நாட்டுக் கருவூலத்தில் கொண்டுசேர்க்கும் வேலை அது. பெரிய தொகையை ஒரே நேரத்தில் ஒரு நாணயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் மாற்று விகிதம் சரிந்து, பாதி வழியிலேயே பணம் கரையும். வெவ்வேறு நகரங்களில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் முழுமையாக நம்பும் சகோதரர்களால் அந்தச் சரிவைக் கட்டுப்படுத்த முடிந்தது. அவர்கள் கடிதங்களை ஜெர்மன் பேச்சுமொழியில், ஹீப்ரு எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். வழியில் பிரித்துப் பார்க்கும் உளவாளிக்கு அது எளிதில் விளங்காது.

இங்கேதான் வியன்னா உள்ளே வருகிறது. மானியத்தை நஷ்டமில்லாமல் கொண்டுசேர்த்ததற்கு என்ன கைம்மாறு செய்வது என்று ஆஸ்திரிய நிதித் துறையில் 1816-ல் விவாதம் நடந்தது. ஒரு தரப்பு பிரபுப் பட்டம் கொடுக்கலாம் என்றது. இன்னொரு தரப்பு, இவர்கள் செய்தது வணிகம், லாபமும் பார்த்துவிட்டார்கள், பேரரசரின் பெயரெழுத்தை வைரத்தில் பதித்த தங்க மூக்குப்பொடி டப்பா கொடுத்தால் போதும் என்றது. அன்று அரசர்கள் பரிசளிக்கும் வழக்கமான பொருள் மூக்குப்பொடி டப்பாதான். கடைசியில் பட்டத் தரப்பு வென்றது. 1816-ல் நேதன் தவிர்த்த நான்கு சகோதரர்களும் பிரபுக்கள் ஆனார்கள். ஆனால் பிரபு வரிசையின் அடிப்படிதான் அது, பெயருக்கு முன்னால் 'ஃபொன்' என்று போட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. நேதன் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர், லண்டனில் இருந்தவர், அந்த முதல் சுற்றில் அவர் சேரவில்லை.

அதற்கு அடுத்து நடந்த ஒரு சின்னச் சண்டை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பட்டம் பெற்றவர்கள் குலச் சின்னம் ஒன்றை வரைந்து ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். சகோதரர்கள் தாராளமாக ஒன்றை வரைந்து அனுப்பினார்கள்: மகுடம், கழுகு, சிங்கம், தாங்கி நிற்கும் விலங்குகள் என்று எல்லாம் அதில் இருந்தன. சின்னங்களைச் சரிபார்க்கும் அலுவலகம் அதைப் பிரித்து மேய்ந்தது. அடிப்படிப் பிரபுவுக்கு மகுடம் கிடையாது, தாங்கும் விலங்குகள் கிடையாது, தலைக்கவசம் மட்டும்தான் என்று வெட்டித் தள்ளியது. அம்புகளைப் பிடித்திருக்கும் கை தப்பியது. ஆறு வருடம் கழித்து, 1822 செப்டம்பர் 29 அன்று, ஐந்து பேரும் 'ஃப்ரைஹெர்', அதாவது பாரன், என்ற நிலைக்கு உயர்ந்தபோது, முன்பு வெட்டப்பட்டதில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. மகுடம் வந்தது, ஒருபுறம் சிங்கம், மறுபுறம் ஒற்றைக்கொம்புக் குதிரை வந்தன, கையில் அம்புகள் ஐந்து. கீழே லத்தீனில் மூன்று சொற்கள்: ஒற்றுமை, நேர்மை, உழைப்பு. ஒரு அம்பை ஒடிக்கலாம், கட்டாகச் சேர்த்தால் ஒடிக்க முடியாது என்ற பழைய கதையின் அம்புகள்தான் அவை.

இந்த ஆறு வருட இடைவெளியில் என்ன நடந்தது என்பதுதான் உங்கள் 'விற்பனை' கேள்வியின் மையம். 1820-ல் சாலமன் வியன்னாவில் ஆஸ்திரிய அரசுக்காகப் பெரிய லாட்டரிக் கடன் ஒன்றைத் திரட்டிக் கொடுத்தார். கடன் பத்திரம் வாங்குபவருக்குக் குலுக்கலில் பரிசும் விழலாம் என்ற வகை அது. 1821-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் அரசில் நடந்த புரட்சியை அடக்க ஆஸ்திரியா படை அனுப்பியது. அந்தச் செலவை நேப்பிள்ஸ் அரசின் தலையில் கட்ட ஒரு கடன் தேவைப்பட்டது. அதை ஏற்பாடு செய்யப் போன கார்ல் அந்த ஊரிலேயே ஒரு கிளையை நிறுவினார். நேதன் லண்டனிலும் ஜேக்கப் பாரிஸிலும் ஆஸ்திரியத் தூதரகப் பொறுப்பு பெற்றார்கள். ஆஸ்திரிய அரசின் தலைமை அமைச்சர் (சான்சலர்) மெட்டர்நிஹ் ஃபிராங்ஃபர்ட் வந்தபோது அம்ஷெல் வீட்டில் உணவருந்தினார். பெரிய மனிதர் ஒருவர் யூத வீட்டு மேசையில் உட்கார்ந்தது அந்த ஊரில் பேச்சுப் பொருளானது. 1822 செப்டம்பரில், பாரன் பட்ட ஆணைக்குச் சில நாட்களே முன்னால், மெட்டர்நிஹ் தனக்கென்று 900,000 குல்டன் (அன்றைய நாணயம்) கடனை ரோத்சைல்ட் வங்கியிடமிருந்து பெற்றார்.

இந்தத் தேதிகளை அருகருகே வைத்தவுடன் 'பார்த்தீர்களா, வாங்கிவிட்டார்கள்' என்று சொல்லத் தோன்றும். எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் தோன்றியது. உறுதியாகத் தெரிந்தது என்ன? கடன் உண்மை. தேதிகள் உண்மை. மெட்டர்நிஹ் வாங்கியது வட்டியுடன் கூடிய கடன், அதைத் திருப்பியும் கட்டினார். அது இனாம் அல்ல. உறுதியாகச் சொல்ல முடியாதது என்ன? இந்தக் கடனுக்கு இந்தப் பட்டம் என்று இருவரும் வாய்விட்டுப் பேரம் பேசினார்கள் என்பது. அப்படி ஒரு ஏற்பாட்டைக் காட்டும் தாள் எதையும் நான் படித்ததில்லை. என் தீர்ப்பைக் கேட்டால் இப்படிச் சொல்வேன்: கடையில் காசு கொடுத்துப் பொருள் வாங்குவது போன்ற விற்பனை அல்ல. ஒருவருக்கொருவர் தேவைப்பட்ட இரண்டு தரப்பு நீண்ட காலம் உதவியை மாற்றிக்கொண்டது, பட்டம் அதில் ஒரு தவணை. அரசுக்கு இதில் செலவே கிடையாது என்பதையும் கவனியுங்கள். நிலம் தரவில்லை, ஓய்வூதியம் தரவில்லை. தோல் தாளில் எழுதிய சில வரிகளும் ஒரு முத்திரையும்தான் கொடுத்தது.

ஆஸ்திரியாவில் இந்த வழி புதிதாகத் திறக்கப்பட்டதும் அல்ல. முப்பது வருடம் படைச் சேவை செய்த அதிகாரி பிரபு நிலையைக் கோரலாம் என்ற ஏற்பாடு 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே இருந்தது. மதம் மாறாத யூதர் ஒருவர் முதன்முதலாக அங்கே பிரபு நிலை பெற்றது 1789-ல், ஹோனிக் குடும்பத்தில். வியன்னா வங்கியாளர் நேதன் ஆடம் ஆர்ன்ஸ்டைன் 1798-லேயே பாரன் ஆகிவிட்டார். இன்னொரு வங்கியாளர் எஸ்கலஸ் 1822-ல், ரோத்சைல்டுகளுக்குக் கிடைத்த அதே வருடம் பாரன் ஆனார். ஆகவே அதிகாரிகள், ஆலைக்காரர்கள், வங்கியாளர்கள் என்று சேவை செய்தவர்களை மேலே இழுத்துக்கொள்ளும் ஒரு பழகிய இயந்திரம் ஆஸ்திரியாவில் ஓடிக்கொண்டிருந்தது. ரோத்சைல்டுகள் அதற்காக எதையும் வளைக்கவில்லை. உலகையே ஆட்டுவிக்கும் ரகசியக் குடும்பம் என்று கைபேசியில் சுற்றும் செய்திகள் இந்தச் சாதாரண உண்மையைச் சொல்லுவதே இல்லை.

சரி, பட்டம் அவர்களுக்கு எதைத் தந்தது? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். சாலமன் ஃபொன் ரோத்சைல்ட் வியன்னாவில் குடியேறினார். பாரன் ஆனார். பேரரசின் கடன்களைச் சுமந்தார். ஆஸ்திரியாவின் முதல் நீராவி ரயில் பாதைக்கு 1836-ல் உரிமம் பெற்று, 1837-ல் வியன்னாவுக்கு வெளியே முதல் வண்டியை ஓடவைத்த நிறுவனத்தின் முதுகெலும்பாக இருந்தார். அத்தனைக்கும் அவர் குடியிருந்தது 'ரோமப் பேரரசர்' என்ற பெயர்கொண்ட ஒரு விடுதியில். ஏனென்றால் யூதர் வியன்னாவில் வீடு வாங்கக் கூடாது. முதலில் சில அறைகள், பிறகு விடுதி முழுவதையுமே வாடகைக்கு எடுத்தார். ஆனால் சொந்தமாக்க முடியவில்லை. 1840-களின் தொடக்கத்தில்தான் அவருக்குத் தனிச் சலுகையாக நகரக் குடியுரிமையும் சொத்து வாங்கும் உரிமையும் கிடைத்தன. உடனே அந்த விடுதியையே விலைக்கு வாங்கினார். பட்டத்துக்கும் சொந்தக் கூரைக்கும் இடையில் ஏறக்குறைய இருபது வருடம். ஊர் மக்கள் 'பாரன்' என்று தொப்பியைக் கழற்றி வணங்கிய அதே மனிதருக்கு, வண்டிக்காரனுக்கு இருந்த சொத்துரிமை இல்லை.

ஃபிராங்ஃபர்ட்டிலும் இதே கதைதான். 1811-ல் யூதச் சமூகம் 440,000 குல்டன் பெருந்தொகை கட்டுவதாக ஒப்புக்கொண்டு அன்றைய ஆட்சியாளரிடம் சம உரிமை பெற்றது. நெப்போலியன் வீழ்ந்ததும் நகர சபை அந்த உரிமையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. கட்டிய பணம் போனது போனதுதான். 1816-ல் அம்ஷெல் நகர மதிலுக்கு வெளியே ஒரு தோட்டம் வாங்கினார். திறந்த வெளியில் சொந்தமாக மண் என்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அங்கே தூங்கவே ஆசைப்பட்டார், அதைப் பற்றித் தம்பிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1819-ல் யூதர்களுக்கு எதிரான கலவரம் ஜெர்மன் நகரங்களில் பரவியபோது ரோத்சைல்ட் வீட்டின் ஜன்னல்களும் உடைந்தன. அப்போது அவர்கள் பெயரில் 'ஃபொன்' சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஃபிராங்ஃபர்ட் யூதர்களுக்கு முழுச் சம உரிமை வந்தது 1864-ல். தாய் குட்லே மட்டும் தன் ஐந்து மகன்கள் பாரன்கள் ஆன பிறகும் யூதர் தெருவின் பழைய வீட்டைவிட்டு நகரவே இல்லை. 1849-ல் தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். வெளியூர்ப் பயணிகள் அந்த வீட்டை வேடிக்கை பார்க்க வருவார்களாம். எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகவும் பிடித்தவர் அந்த அம்மாதான்.

அரசவை விஷயத்தில் கதவு இன்னும் மெதுவாகத் திறந்தது. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் அரண்மனை விழாக்களில் நுழையப் பட்டம் மட்டும் போதாது. நான்கு தலைமுறைக்கு முந்தைய பதினாறு முன்னோரும் பிரபுக்களாக இருந்திருக்க வேண்டும். யூதர் தெருவில் அத்தனை பிரபுக்களுக்கு எங்கே போவது? சாலமனின் பேரன் ஆல்பர்ட்டுக்கும் அவர் மனைவிக்கும் 1887-ல்தான் விதிவிலக்காக அரசவை நுழைவு கிடைத்தது. 1822-லிருந்து எண்ணுங்கள், அறுபத்தைந்து வருடம்.

இங்கிலாந்துக் கிளையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் இரண்டு பாரன் பட்டங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஆஸ்திரியப் பட்டம் முறையான வாரிசுகள் எல்லாருக்கும் போகும். ஒரே சமயத்தில் இருபது பாரன்கள் இருக்கலாம். இங்கிலாந்தில் பட்டம் ஒருவருக்கு மட்டும், அவருக்குப் பின் மூத்த ஆண் வாரிசுக்கு. அன்று அதோடு நாடாளுமன்ற மேலவையில் இருக்கையும் இருந்தது, சட்டம் இயற்றும் அதிகாரமும் இருந்தது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, பொருள் வேறு. லண்டன் நேதன் தன் ஆஸ்திரியப் பட்டத்தைப் பயன்படுத்தவே இல்லை. 1836-ல் இறக்கும்வரை திரு. ரோத்சைல்ட் ஆகவே இருந்தார். அவர் மகன்கள்தான் 1838-ல் விக்டோரியா அரசியிடம் அனுமதி பெற்று அதை இங்கிலாந்தில் பயன்படுத்தினார்கள். மூத்த மகன் லயனலை 1847-ல் லண்டன் நகர வாக்காளர்கள் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 'உண்மைக் கிறிஸ்தவ நம்பிக்கையின்மீது' என்று உறுதிமொழி எடுக்க அவர் மறுத்ததால் உட்கார முடியவில்லை. மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள், பதினொரு வருடம் காத்திருந்தார். சட்டம் மாறி, 1858 ஜூலை 26 அன்று உட்கார்ந்தார்.

1869-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் லயனலுக்கு மேலவைப் பட்டம் பரிந்துரைத்தார். அரசி மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணங்கள் பதிவில் உள்ளன: யூதர் ஒருவரைப் பிரபுவாக்க மனம் ஒப்பவில்லை என்றார். அன்னிய அரசுகளுக்குக் கடன் கொடுத்தும் பங்குச் சந்தையிலும் சேர்த்த செல்வம் சூதாட்டம் போன்றது, அதற்கு மரியாதை செய்ய முடியாது என்றும் சொன்னார். ஆறு வருடம் கழித்து, 1875-ல், சூயஸ் கால்வாய்ப் பங்குகளை வாங்க அதே அரசியின் அரசாங்கத்துக்கு அவசரமாக நான்கு மில்லியன் பவுண்டு தேவைப்பட்டபோது கொடுத்தவர் லயனல்தான். அவர் அந்த மேலவைப் பட்டம் இல்லாமலே இறந்தார். அவருடைய மகன் நேதனியலுக்கு 1885-ல் கிடைத்தது. அந்த ஜூலையில் அவர் தலையை மூடிக்கொண்டு, ஹீப்ரு வேதத்தின்மீது கை வைத்து உறுதிமொழி எடுத்து மேலவையில் அமர்ந்தார். யூத மதத்திலேயே இருந்துகொண்டு அந்த அவையில் இடம் பெற்ற முதல் மனிதர். உங்கள் கேள்வியின் பின்னால் பணம் எல்லாவற்றையும் வாங்கிவிடும் என்ற எண்ணம் இருக்குமானால், 1869-ன் அந்த மறுப்பை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவரால் அதை வாங்க முடியவில்லை.

நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போர் பற்றிய கதையைக் கட்டாயம் யாராவது கீழே கேட்பார்கள். போர்க்களத்தில் நின்று வெற்றியைப் பார்த்துவிட்டு, புயலில் கடலைக் கடந்து லண்டன் வந்து, தோற்றுவிட்டோம் என்று வதந்தி பரப்பி, விழுந்த பங்குகளை நேதன் அள்ளினார் என்பது அந்தக் கதை. இது பொய். 1815 ஜூன் 18 அன்று நேதன் வாட்டர்லூவில் இல்லை, லண்டனில் இருந்தார். இந்தக் கதை போருக்கு முப்பது வருடம் கழித்து, 1846-ல் பாரிஸில் 'சாத்தான்' என்ற புனைபெயரில் வெளிவந்த ஒரு வசைப் பிரசுரம் மூலம்தான் பரவியது. பின்னால் நாஜிகள் அதையே திரைப்படமாக எடுத்தார்கள். நேதனுக்கு வெற்றிச் செய்தி அரசாங்கத்துக்கு முன்பே வந்திருக்கலாம், அவருடைய தூதுவர்கள் வேகமானவர்கள். அதுவரை ஏற்கலாம். ஆனால் அவர் நீண்ட போரை எதிர்பார்த்துப் பொன்னை வாங்கிக் குவித்து வைத்திருந்தார். போர் சட்டென்று முடிந்தது அவருக்குச் சிக்கலையே உண்டாக்கியது என்று கணக்கேடுகளை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். இந்தக் கதையை நான் இவ்வளவு அழுத்தமாக மறுப்பதற்குக் காரணம் உண்டு. அது வெறும் தவறான தகவல் அல்ல, ஒரு இனத்தையே கொல்லும் வெறுப்புக்கு எண்ணெய் ஊற்றிய கதை. தமிழில் அதைப் பகிர்பவர்கள் பலருக்கு இந்தப் பின்னணி தெரிவதில்லை.

அந்த வெறுப்பு வியன்னாக் கிளையை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் பேரரசு சிதைந்தது. 1919 ஏப்ரல் 3 அன்று ஆஸ்திரியக் குடியரசு பிரபுப் பட்டங்கள் அனைத்தையும் சட்டத்தால் ஒழித்தது, 'ஃபொன்' போடுவதையும் தடைசெய்தது. எல்லாப் பிரபுக்களுக்கும் ஒரே சட்டம், அதில் எனக்குக் குறை இல்லை. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை நுழைந்ததும் ஆல்பர்ட்டின் மகன் லூயியைக் கைது செய்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல், நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் தலைமையகமான மெட்ரோபோல் ஓட்டலில் அடைத்து வைத்தார்கள். குடும்பத்தின் ஆஸ்திரியச் சொத்துக்களை எழுதி வாங்கிய பிறகே, 1939-ல் நாட்டைவிட்டுப் போக விட்டார்கள். பிரின்ஸ் ஆய்கன் தெருவில் இருந்த அவர்களுடைய மாளிகையில் நாஜி அதிகாரி ஐக்மன் தன் அலுவலகத்தை அமைத்தான், யூதர்களிடம் இருப்பதை எல்லாம் பறித்துக்கொண்டு வெளியேற்றும் அலுவலகம். சாலமனுக்குச் சொந்த வீடு கிடைத்து நூறு வருடம்கூட ஆகவில்லை. போருக்குப் பிறகு அந்த மாளிகையை இடித்துவிட்டார்கள். கொள்ளைபோன ஓவியங்களிலும் கலைப்பொருட்களிலும் சுமார் 250-ஐ ஆஸ்திரிய அரசு 1999-ல் வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்தது.

பட்டம் இன்றும் செல்லுமா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். ஆஸ்திரியாவில் செல்லாது. அங்கே அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. மற்ற நாடுகளில் வாழும் வாரிசுகளைச் சிலர் மரியாதைக்காக 'பாரன்' என்று அழைப்பது வெறும் வழக்கம்தான். இங்கிலாந்தின் 1885 பட்டம் மட்டும் சட்டப்படி தொடர்கிறது. குலச் சின்னத்தை வெட்டிய அலுவலகம் போய்விட்டது, அதற்கு மேலே இருந்த பேரரசும் போய்விட்டது. அந்தக் கை பிடித்திருந்த ஐந்து அம்புகள் மட்டும் குடும்ப வங்கியின் அடையாளமாக இன்னும் இருக்கின்றன.